வெறுங்குளம்பும் நம் கடமையும்

பதுளைத் தோட்டங்களிலே துரைமார் குதிரையேறி வந்த கதையை மாணவர்க்குக் கூறினேன். "இலாடமின்றிக் குதிரை வாழாதோ, ஐயா?" என வினவினான் ஒருவன். நெடுந்தீவை நினைவூட்டினேன். ஐரோப்பியர் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கல்நிலத்தில் வெறுங்குளம்புடன் திரிகின்றன. நகம்போல் வளரும் குளம்பை நடையே தேய்த்துச் செம்மைசெய்கிறது. கிரேக்க அறிஞர் செனபோன், குதிரையைக் கற்பரப்பில் நிறுத்திக் குளம்பை உறுதியாக்குமாறு கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

ஆயின், இயற்கை வளர்ப்பென்பது கைவிடுதலன்று. கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு நடை குறைவு. ஆதலின் 6 முதல் 8 வாரத்துக்கொருமுறை குளம்பைச் சீவவேண்டும். நெடுந்தீவுக் குதிரைகள் மடிந்தது இலாடமின்மையாலன்று, வறட்சியில் நீரின்மையால். இரும்பைக் களையலாம், பொறுப்பைக் களையலாகாது. கோடைக்கு முன்னரே அங்கே நீர்த்தொட்டிகள் நிரம்புக!