உரைகல்லும் குன்றிமணியும்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

தொட்டில் ஆடும் வீட்டில் உரைகல் ஒன்று இருக்கும். வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை அதில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்துக் குழந்தையின் நாவில் தடவுவது நம் பாட்டிமார் வழக்கம். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. இவ்வழக்கத்தைப் பற்றி இன்று இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. "இலையும் வேரும்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்பது ஒன்று. "எல்லாம் மூடப்பழக்கம்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலில் நம் பழைய மருத்துவம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் 'கௌமாரபிருத்தியம்' என்னும் குழந்தை மருத்துவமும் ஒன்று. குழந்தைகளை அது மூன்று நிலையாகப் பிரித்தது: பால் மட்டும் உண்பவர், பாலும் சோறும் உண்பவர், சோறு உண்பவர். பால் மட்டும் உண்ணும் குழந்தைக்கு நோய் வந்தால் மருந்தைத் தாய்க்குக் கொடு. இரண்டாம் நிலையில் இருவருக்கும் கொடு. மூன்றாம் நிலையில்தான் குழந்தைக்கு மட்டும் கொடு என்பது பழைய மரபு. அளவையும் சுசுருத சம்ஹிதை விடவில்லை. முதல் நிலையில் இரு விரற்கணுவில் பிடிக்கும் அளவு. அடுத்து இலந்தைக் கொட்டை அளவு. அதன்பின் இலந்தைப் பழ அளவு. ஒரு மாதக் குழந்தைக்கு ஒரு குன்றிமணி எடை, பின்னர் மாதத்திற்கு ஒரு குன்றிமணி கூட்டுக என்கிறது சார்ங்கதர சம்ஹிதை. குழந்தை மென்மையானது, தன் துன்பத்தைச் சொல்ல இயலாதது. ஆகவே வாந்தி, பேதி போன்ற கடுஞ்சிகிச்சைகள் அதற்கு ஆகா என்று சரகர் எச்சரிக்கிறார்.

இவற்றிலெல்லாம் ஓங்கி நிற்பது எது? மூலிகையின் பெருமையா? அல்ல, அடக்கம்! குழந்தைக்கு மருந்து கொடுக்க முன்னோர் அஞ்சினர். அந்த அச்சமே அவர்தம் அறிவு. நம் வீட்டு உரைகல்லும் அவ்வறிவின் பிள்ளைதான். கடினமான காயைக் கல்லில் இரண்டு சுற்று உரைத்தால் எவ்வளவு தேறும்? கல்லே அங்கு அளவுகோலாக நின்றது.

இன்று நடப்பது என்ன? என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அக்காவின் குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். இரவெல்லாம் அழுதது. யாரோ சொன்னார்கள் என்று உரைமருந்துப் பொடி வாங்கி வந்து, அரைப் பாலாடை கரைத்துப் புகட்டிவிட்டார்கள். குழந்தை உறங்கியது, மறுநாள் உச்சிவேளை வரை உறங்கியது, பாலுக்கும் வாய் திறக்கவில்லை. முதலில் பதறியவர் அம்மாச்சிதான். "கல்லுல ரெண்டு உரை உரைச்சா அது மருந்து. பொடியை வாங்கிக் கரைச்சா அளவு ஏதுடி? தூக்குங்க ஆஸ்பத்திரிக்கு!" என்றார். "என்னம்மா கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பொட்டலத்தின் மேல் பெயரும் இல்லை, அளவும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பிள்ளை நலமாக வீடு திரும்பியது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மருந்தாகும் ஆற்றல் உள்ள செடிக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. சாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் மிகுந்தால் மயக்கம் தரும். வசம்பு எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் சோதனை விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968 முதல் உணவில் வசம்பு சேர்க்கத் தடை உள்ளது. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது என 2004இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வளரும் மூளைக்கு ஈயம் பகை.

பழைய நூல் சொல்வதனைத்தும் இன்று பொருந்துமா எனில், அதுவும் இல்லை. மருந்தைத் தேனில் குழைக்கச் சொன்னார்கள். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். இந்நோய் கண்டறியப்பட்டதே 1976இல்தான். முன்னோர் அறிந்திருந்தால் அவர்களே விலக்கியிருப்பர் என்பதில் ஐயமில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் மட்டும் உண்ணும் பிள்ளைக்கு நேரே மருந்து வேண்டாம், தாய்க்குக் கொடு என்ற பழைய விதி இதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, பாருங்கள்!

ஆகவே நண்பர்களே, மரபைக் காப்பது என்பது மூலிகையை மட்டும் வைத்துக்கொண்டு அளவை மறப்பதன்று. பச்சிளங்குழந்தைக்கு நாமாக எதையும் புகட்ட வேண்டாம். ஆயுர்வேதமே வேண்டுமெனில், அத்துறையில் முறையாகப் பயின்று பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் செல்வோம். பற்பம், செந்தூரம் போன்றவற்றைக் கேள்விப்பட்டபடியெல்லாம் கொடுக்கவே கூடாது. பெயரும் அளவும் எழுதாத பொட்டலம் தொட்டிலருகே வரவேண்டாம்.

இரவில் வசம்பின் பெயரைச் சொல்லலாகாது என்று அதைப் 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். அந்தக் காலத்திற்கு அது சரியாக இருந்திருக்கலாம். இனிப் பிள்ளைக்குக் கொடுக்கும் எந்த மருந்தும் பேர் சொல்லும் மருந்தாகவே இருக்கட்டும். டாக்டர் கேட்டால் நம் வீட்டுத் தாய்மார் பெயரையும் அளவையும் தயங்காமல் சொல்லட்டும்.