போலி ஈயும் தூண்டிலும்

வெள்ளவத்தைக் கரையில் இறால் துண்டைக் கொளுவித் தூண்டில் போடுவோரைப் பார்த்திருப்பீர்கள். நுவரெலியா மலை ஓடைகளில் வேறொரு முறை உண்டு. 1880களில் ஆங்கிலேயர் அங்கே ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிப்பது இறகும் நூலும் சுற்றிய போலி ஈயால். ஈக்குப் பாரமில்லை, கனத்த நூலை வீசும் கைப்பழக்கமே அதைத் தண்ணீரில் சேர்க்கும்.

சிலர் இதையே விரும்புவது ஏன்? மெய்யான இரையை மீன் விழுங்கினால் முள் குடலில் குத்தும். போலி ஈ பெரும்பாலும் உதட்டோடு நின்றுவிடும். சிறு மீனை உயிரோடு திருப்பி விடலாம்.

தூண்டிலோடு கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: சின்னதை விட்டுவிடு, முள் உள்ளே போயிருந்தால் பிடித்து இழுக்காதே, தங்கூசியை நறுக்கிவிடு. சமைக்கப் பிடிப்பது வேறு, வதைப்பது வேறு.