மணம் காக்கும் ஏடுகள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அத்தர் பூசிக்கொள்வது நம் இல்லங்களில் இன்றும் தொடரும் வழக்கம். நறுமணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிய ஒன்று என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். ஆயினும், அத்தர் எவ்வாறு வடிக்கப்படுகிறது என்று வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூற வல்லோம்?

உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில், செப்புக் கலத்தில் மலரும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சுவர். எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று மற்றொரு கலத்துச் சந்தன எண்ணெயிற் கலக்கும். தீயின் பதத்தைக் கைவினைஞரின் பட்டறிவே அறியும். 2014இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், சந்தன எண்ணெயின் அருமையால் பாரஃபின் எண்ணெய் அதன் இடத்தைப் பற்றிவருகிறது. கையில் மட்டும் வாழும் கலை, கை ஓய்ந்தால் ஓய்ந்துவிடும்.

இலண்டனில் 1835இல் தோன்றிய கிராஸ்மித் என்னும் வாசனை நிறுவனத்தின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. 1891இல் அது வெளியிட்ட நறுமணத்திற்கு ‘பூல் நானா’ என நம் நாட்டுச் சொல்லால் பெயரிட்டது. உலகப்போரின் குண்டுவீச்சில் அதன் கட்டடம் அழிந்தது. பின்னாளில் நிறுவனமும் மறைந்தது. ஆனால், கலவை முறைகளை எழுதிவைத்த ஏடுகள் பிழைத்திருந்தன. அவற்றின் துணைகொண்டு, நிறுவியவரின் வழித்தோன்றல் 2009இல் பழைய நறுமணங்களை மீண்டும் உலகுக்கு அளித்தார். கட்டடம் காக்காததை ஏடு காத்தது.

நமக்கும் இத்தகைய சான்று உண்டு. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி நீராடியதைச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை கூறுகிறது. அவை யாவை என அடியார்க்கு நல்லார் தம் உரையில் காட்டியமையால் அன்றோ இன்று நாம் அறிகிறோம்!

தொழில் இரகசியத்தை எழுதுதல் தகுமோ எனச் சிலர் தயங்கலாம். எழுதிப் பூட்டிவைத்தால் இரகசியமும் நிற்கும், கலையும் நிற்கும். எழுதாவிடில் இரண்டும் உடையவரோடு மண்ணுக்குள் போகும்.

நம் பெருந்துறைக்கு அண்மையில் சத்தியமங்கலத்து மல்லிகை விளைகிறது. கொங்கு மண்ணின் மலர்ச்சாரம் அயல்நாட்டு வாசனை நிறுவனங்களுக்குச் செல்கிறது. பூப்பறிப்போரின் சொற்களையும், அத்தர் விற்கும் பெரியவர்களின் அனுபவத்தையும் தமிழ் மாணவர்கள் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். துறையின் ஆய்வேடுகளுள் ஆண்டுக்கு ஒன்றேனும் இதற்கு ஒதுக்கப்படட்டும். மரபைப் புகழ்வது எளிது. எழுதிவைப்பதே அதனைக் காக்கும் வழி.