மௌனம் சம்மதம்

பதினோராம் வகுப்பு மாணாக்கர்களிடம் போய், "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள்; ரோஷம் வந்துவிடும். நியாயந்தான். கடிதம் தயாரிப்பார்கள், படம் வரைவார்கள், கணக்கு அட்டவணை போடுவார்கள். ஆனால் அவர்கள் அறிந்திருப்பதெல்லாம் விண்டோஸ் என்னும் ஒரே வீட்டில் எந்த அறையில் எந்தப் பண்டம் இருக்கிறது என்பதுதான். லினக்ஸ் என்னும் வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால், புக்ககம் போன முதல் நாள் பெண்ணைப் போல் உப்பு ஜாடியைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.

2011-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் இலவசமாக வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. இது ஸி-டாக் என்னும் மத்திய அரசாங்க ஸ்தாபனம் தயாரித்தது. நாம் பார்த்த வரையில் அதைத் திறந்து பார்த்த குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். திறந்தவர்களிலும் சிலர், பழகிய படம் ஒன்றும் காணாமல், "இதற்கெல்லாம் நமக்கு மூளை போதாது" என்று தாமே தீர்மானித்து மூடிவிட்டார்கள். லினக்ஸ் தெரியாமல் போவதில் நமக்கு அவ்வளவு வருத்தமில்லை. பதினாறு வயதில் இப்படி ஒரு தீர்மானத்துக்கு வருவதுதான் நம்மைக் கவலைப்படுத்துகிறது.

ஆகையால், கட்டளைகளை நெட்டுருப் போடச் சொல்லும் முறையில் நமக்கு நம்பிக்கை இல்லை. முதலில் சரித்திரம் சொல்ல வேண்டும். லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸை, 1969-இல், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கினார்கள். அந்நாளில் அவர்கள் கம்ப்யூட்டரோடு பேசியது பெரும்பாலும் டெலிடைப் என்னும் தட்டெழுத்து யந்திரத்தின் மூலமாக. அது காகிதத்தில் வினாடிக்குப் பத்து எழுத்துக்கள்தான் அடிக்கும். தந்தி கொடுப்பவர் வார்த்தைகளை எண்ணி எழுதுவது போல, அவர்களும் எழுத்தை எண்ணிச் செலவிட்டார்கள். அதனால்தான் நகல் எடுக்க 'ஸிபி'. இடம் மாற்ற 'எம்வி'. பட்டியல் காட்ட 'எல்எஸ்'. காரணம் தெரிந்தபின் இந்த மொட்டை வார்த்தைகள் குழந்தைகளுக்குப் பயமாயிருப்பதில்லை. கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கின்றன.

மௌனத்துக்கும் இதுவே காரணம். கோப்பை நகலெடுக்கச் சொன்னதும் யந்திரம் ஒன்றும் பேசாமல் அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கிறது. "ஸார், வேலை செய்யவில்லை!" என்று ஒரு குரல் எழும். வேலை முடிந்துவிட்டது, அப்பனே! தவறு நேர்ந்தால்தான் அது வாய் திறக்கும். இந்த மௌனத்தில் அபாயமும் உண்டு. 'ஆர்எம்' என்று சொன்னால் கோப்பு குப்பைக் கூடையில் போய்க் காத்திருப்பதில்லை, போயே போய்விடுகிறது. அந்த வார்த்தையை இரண்டாவது மாதம் வரை நாம் வகுப்பில் உச்சரிப்பதே இல்லை.

ஸி, டி என்று தனித்தனி டிரைவுகள் இங்கே கிடையா. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே மரம். பென் டிரைவைச் செருகினால் அதுவும் ஒரு கிளையாகத் தொங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதை நாலு நாள் தடுமாறிக் கற்றுக்கொள்வார்கள்.

குழந்தைகளின் கண்கள் விரிவது குழாய்ப் பாடத்தில்தான். டக்ளஸ் மெக்கில்ராய் வற்புறுத்தியதன் பேரில் 1973-இல் தாம்ஸன் சேர்த்த ஏற்பாடு இது. நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால், ஒரு கட்டளையின் விடை அடுத்த கட்டளைக்குள் குழாய்த் தண்ணீர் போல் பாயும். மாதம் முழுதும் வகுப்புக்கு வராதவர்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 'ஸார்ட்' பெயர்களை வரிசைப்படுத்தும். அடுத்தடுத்து நிற்கும் ஒரே பெயர்களை 'யூனிக்' ஒன்றாக்கி, சொன்னால் எத்தனை தடவை என்றும் எண்ணிக் கொடுக்கும். எண்ணிக்கைப்படி மறுபடி ஒரு 'ஸார்ட்'. ஒரே வரியில், மட்டம் போடுவதில் முதல்வர் யார் என்பது வெளியாகிவிடும். (அவர் அன்றைக்கும் வந்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.)

அட்டவணையிலேயே இதைச் செய்யலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். பேஷாகச் செய்யலாம். ஆனால் பத்து மாதத்துக் கோப்புகள் இருந்தால்? அதே வரியைப் பத்துக்கும் ஓட்டலாம். மெனுவில் யாரோ எழுதி வைத்ததையே தேர்ந்தெடுத்துப் பழகிய குழந்தை, தன் தேவைக்குத் தானே ஒரு கருவி செய்துகொள்வது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"உத்தியோகத்துக்கு உதவுமா?" என்பது பெற்றோர்களின் கேள்வி. 1991-இல் பின்லாந்து தேசத்து மாணாக்கர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸின் கருதான் அவர்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. உலகத்தின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ். கேரளத்து அரசாங்கப் பள்ளிகளிலோ பல வருஷங்களாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது.

வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்க விரும்பும் நேயர்கள், பென் டிரைவில் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம். 'இன்ஸ்டால்' பொத்தானை அமுக்காத வரையில் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் நேராது. அந்தப் பென் டிரைவில் முன்னால் இருந்ததெல்லாம் அழிந்துபோகுமாகையால், கல்யாணப் படங்கள் உள்ளதை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம்.