மரம் போனால் போதுமா?

மாலை வேளையில் தில்லியின் வடக்கு ரிட்ஜ் பக்கம் உலாவச் செல்லாத தமிழ் மாணவர் நம்மில் மிகச் சிலரே. பல்கலைக் கழகத்தை ஒட்டிய அந்தக் காட்டில் நம்மை முதலில் வரவேற்பது எது? நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம்! இங்கே அதை 'விலாயதி கீக்கர்' என்கிறார்கள். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே.

மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் அதன் தாயகம். 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, புதுதில்லி எழும்பிய காலத்தில், வறண்ட பாறைக் குன்றைப் பசுமையாக்க ஆங்கில ஆட்சியினர் அதை இங்கே நட்டனர். குன்று பசுமையாயிற்று. ஆனால் அங்கு வாழ்ந்த தவ், கரீர், வெள்வேல் ஆகியவை ஒதுங்கின.

"வெட்டி எறிந்தால் தொல்லை தீர்ந்தது" என்று நண்பர் பலர் கூறுகின்றனர். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் ஆணையை ஒட்டித் தமிழ்நாட்டில் ஊர் ஊராக அரிவாள் எழுந்தது. அந்த ஆர்வம் பாராட்டத்தக்கதே. தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: மரம் மண்ணில் விட்டுச் சென்றதை என்ன செய்வது?

சீமைக் கருவேலம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தருகின்றன. இலைகள் உதிர்ந்து மக்கும்போது அச்சத்து மண்ணில் சேர்கிறது. ஆண்டுகள் பல செல்ல, மரத்தடி மண் திறந்த வெளி மண்ணைவிடக் கொழுத்துவிடுகிறது.

"மண் வளம் பெறுவது நல்லதுதானே?" என்பீர்கள். வயலுக்கு நல்லது, காட்டுக்கு எப்போதும் நல்லதன்று. ஏழை மண்ணில் சிக்கனமாக வாழப் பழகிய செடிகளுக்கு, அந்த ஏழ்மையே காவல். சத்து மிகுந்தால் விரைந்து வளரும் களைகள் முந்திக்கொள்கின்றன; மெல்ல வளர்பவை நிழலில் மடிகின்றன. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் புல்வெளியில் 1856 முதல் நடந்துவரும் சோதனை இதற்குச் சான்று. உரமிடாத பாத்திகளில் பலவகைப் பூண்டுகள் கூடி வாழ, தழைச்சத்தை மிகுதியாகப் பெற்ற பாத்திகளில் சில புற்களே எஞ்சின. ஹவாய்த் தீவின் எரிமலை மண்ணிலும், வெளியிலிருந்து வந்த 'மைரிகா ஃபாயா' என்னும் மரம் தழைச்சத்தைப் பன்மடங்கு பெருக்கியதை விட்டூசெக் குழுவினர் 1987இல் எடுத்துக்காட்டினர்.

ஆதலின், வெட்டியதும் நிகழ்வது என்ன? அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. துளிர்க்காத இடத்திலும், வெயிலும் கொழுத்த மண்ணும் ஒருங்கே கிடைத்த மகிழ்ச்சியில் உண்ணிச்செடியோ பார்த்தீனியமோ குடியேறுகிறது. ஒரு பகையை விரட்டி இன்னொரு பகைக்குப் பாய் விரித்த கதைதான்!

வழி இல்லாமல் இல்லை. வசந்த விஹாரை அடுத்த ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில், பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில், கீக்கரின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் புகவிட்டு, அடியில் ஆரவல்லிக்கு உரிய செடிகளை வளர்த்தனர். அவை தழைத்து நிழல் பரப்பினால் களைக்கு இடமிராது. மண்ணில் மரத்தூள் கலந்து, நுண்ணுயிர்களைக் கொண்டு மிகைச் சத்தை உறிஞ்ச வைக்கும் முறையும் உண்டு; சில நாடுகளில் அது பயன் தந்தது, சில இடங்களில் தரவில்லை.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக எதையும் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நாமும் இந்நகருக்கு வந்தவர்கள்தாமே! பிறர் வாழ இடம் விடாமையே கீக்கரின் குற்றம். நம் ஊரில் அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களையும் நாம் மறத்தலாகாது.

நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் சென்று சீமைக் கருவேலம் அகற்றும் முகாமில் நம்மில் சிலர் சேரக்கூடும். சேருங்கள், ஆனால் அரிவாளைக் கையில் எடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: "இந்த இடத்தில் அடுத்து எதை நடப் போகிறோம்? மூன்று மழைக்காலம் அதைக் காப்பவர் யார்?" விடை இல்லையென்றால் அன்று வெட்ட வேண்டாம். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். மண்ணைத் திருப்பித் தர ஆண்டுகள் வேண்டும்.