உத்திரமேரூர் குடவோலையும் சொந்தத்துல கல்யாணமும்: மரபணு போடும் கணக்கு என்ன?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919 மற்றும் 921. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரி, பிரித்திருந்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி, உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். குடும்புக்கு ஒரு பெயர்.

ஒரு குழந்தை உருவாவதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. உடம்பு வளரும்போது, காயம் ஆறும்போது, செல் தன்னிடம் உள்ள 46-ஐயும் நகலெடுத்து இரண்டாகப் பிரியும். இது வெறும் ஜெராக்ஸ் வேலை. குலுக்கல் நடப்பது கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும் இடத்தில் மட்டும்தான். அங்கே ஜோடிக்கு ஒன்றுதான் தேர்வாகும், மொத்தம் 23. எது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஆளிடம் இப்படி 84 லட்சம் விதமான சேர்க்கைகள் சாத்தியம். போதாக்குறைக்கு, பிரிவதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் செய்யும். (குடவோலையில் யாராவது ஓலையைக் கிழித்து ஒட்டியிருந்தால் சபை சும்மா விட்டிருக்காது!)

ஆணா பெண்ணா என்பதும் இந்தக் குலுக்கலில்தான் முடிவாகிறது. அந்த ஓலை வருவது அப்பாவின் குடத்திலிருந்து. "பொட்டப்புள்ளையா பெத்துட்டா" என்று மருமகளைத் திட்டுவதற்கு அறிவியலில் இடமே இல்லை.

சரி, இதில் சொந்தத்துல கல்யாணம் எங்கே வருது?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்திய அளவில் திருமணமான பெண்களில் சுமார் 11 சதவீதம் பேர் உறவுக்குள் கட்டிக்கொண்டவர்கள். தமிழ்நாட்டில் அது சுமார் 28 சதவீதம். அத்தை மகன், மாமன் மகள், சில குடும்பங்களில் தாய்மாமனே மாப்பிள்ளை. இதற்குக் காரணங்களும் உண்டு. நிலம் கைமாறாது, பொண்ணு கண்ணெதிரே இருப்பா, மாமியார் அந்நியர் இல்லை. காஞ்சிபுரம் மாதிரி நிலத்தை நம்பி வாழும் மாவட்டத்தில் இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் குடத்தின் கணக்கு வேறு. நம் எல்லோரிடமும் பழுதான மரபணுக்கள் சில இருக்கும். ஜோடியில் மற்றொன்று நன்றாக இருந்தால் வெளியே தெரியாது. பிறவிக் காது கேளாமையின் பல வகைகள், தலசீமியா எல்லாம் இப்படி ஒளிந்து வருபவை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அதே பழுது வந்தால்தான் நோய்.

ஒரு பழுது நூற்றில் ஒருவரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது உள்ள ஒருவர் வெளியில் பெண் எடுத்தால், மனைவியிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று. காரணம், இருவரும் ஒரே தாத்தா பாட்டி குடத்திலிருந்து ஓலை எடுத்தவர்கள்.

"எங்க தாத்தாவும் அக்கா பொண்ணைத்தான் கட்டினார், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பொதுவாகப் பிறவிக் குறைபாட்டுக்கு நூற்றில் இரண்டு, மூன்று என்றிருக்கும் அபாயம், அத்தை-மாமன் மக்கள் திருமணத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் ஆரோக்கியமாகவே பிறக்கின்றன. அதனால்தான் கிராமத்தில் இந்த அபாயம் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கைதான் ஆபத்தானது. "முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்தது நல்லா பொறக்கும்." உத்திரமேரூரில் ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகள் போட்டியிட முடியாது. மரபணுவுக்கு அந்த விதி கிடையாது. இருவரிடமும் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குடம் மறுபடி நிரம்பும், அபாயம் ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்று.

இதற்காக உறவுத் திருமணத்தைத் தடை செய்ய வேண்டும் என்பது சரியான வாதம் அல்ல. வழக்கம் இருந்தால் இந்து திருமணச் சட்டமே அனுமதிக்கிறது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களைப் பயமுறுத்துவதும் வீண். கேட்க வேண்டிய கேள்வி நேரத்தைப் பற்றியது. பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் இம்பிளான்ட் பொருத்த முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு பல லட்சம் செலவிடுகிறது. நல்ல திட்டம். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு முன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடும் குடும்பத்துக்கு, மரபணு ஆலோசகர் என்று ஒருவர் இருப்பதே தெரிவதில்லை. அந்தத் தகவல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

சொந்தத்தில் பேச்சு நடக்கிறதா? குடும்பத்தில் காது கேளாதவர், தலசீமியா உள்ளவர், காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தை என்று யாராவது உண்டா எனப் பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் தேதி குறிக்கும் முன் ஆலோசனை பெறுங்கள். கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தையும் பிறந்துவிட்டது என்றால் முதல் மாதத்துக்குள் காது பரிசோதனை செய்துவிடுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.