காலில் சுடுவது சிறு காயம் அல்ல

‘தப்பியோட முயன்றவரைக் காலில் சுட்டுப் பிடித்தனர்’ என்ற செய்தி தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பழகிப்போய்விட்டது. உத்தரப் பிரதேசத்தில் இதற்கு ‘ஹாஃப் என்கவுன்ட்டர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உயிர் போகவில்லையே என்று பலரும் ஆறுதல் கொள்கிறார்கள். குற்றம் கொடூரமானதாக இருந்தால் கைதட்டலும் கிடைக்கிறது. இந்த நிம்மதிக்கு மருத்துவத்திலும் ஆதாரமில்லை, சட்டத்திலும் ஆதாரமில்லை.

முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு, தோலை ஒட்டியே இருக்கிறது. முன்புறத்தில் அதைப் போர்த்தத் தசை கிடையாது. குண்டு பட்டால் எலும்பு சில்லுசில்லாகச் சிதறும். உடுத்திய துணியின் இழைகளும் அழுக்கும் காயத்துக்குள் போகும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அறுந்து, சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் சீராகாவிட்டால் காலையே எடுக்க நேரலாம்.

சினிமாவில் மருத்துவர் குண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டதும் ஆபத்து நீங்கிவிடும். நிஜத்தில், மூட்டுக்குள் சிக்கியிருந்தாலொழிய, குண்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உடனடியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும், செத்த தசையை வெட்டியெடுத்துக் காயத்தைக் கழுவுவதும்தான் முதல் வேலை. எலும்பு நொறுங்கிய காயத்தை அவசரப்பட்டுத் தைத்து மூடினால் சீழ் பிடிக்கும். எனவே திறந்தே வைத்து, வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி எலும்பை நிலைநிறுத்துகிறார்கள். சில நாட்கள் கழித்து மீண்டும் அறுவை. பிறகு வேறிடத்துத் தசையை எடுத்து மூட பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். எலும்பில் ஒரு பகுதியே போயிருந்தால், எலும்பை மெல்ல வளரச் செய்யும் இலிசரோவ் வளையம்தான் கதி. அதில் எலும்பு வளர்வது நாளுக்கு 1 மில்லிமீட்டர். 6 சென்டிமீட்டர் வளர 2 மாதம். அது உறுதிப்பட இன்னும் பல மாதங்கள். எலும்புக்குள் கிருமி தங்கிவிட்டால் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும்.

கைத்துப்பாக்கிக் காயங்கள் சில எளிதில் ஆறுவதும் உண்டு. ஆனால், ஓடுபவரின் காலில் குண்டு தசையைத் துளைக்குமா, ரத்தக்குழாயை அறுக்குமா என்பது சுடுபவர் கையில் இல்லை. 2018இல் காஸா எல்லைப் போராட்டங்களில் 4,903 பேர் காலில் சுடப்பட்டதாக ஐ.நா. விசாரணை ஆணையம் பதிவு செய்தது. அவர்களில் பலர் காலை இழந்தார்கள். எலும்புத் தொற்றோடு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் ஏராளம்.

தற்காப்புக்காகச் சுடும் உரிமையைக் காவலர்களுக்குச் சட்டம் தருகிறது; அதை யாரும் மறுக்கவில்லை. அந்தச் சூழல் உண்மையிலேயே இருந்ததா என்பதைச் சுட்ட தரப்பே முடிவுசெய்வதுதான் பிரச்சினை. 2014இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் தெளிவானவை: வழக்குப் பதிவு, சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் விசாரணை, காயம்பட்டவருக்குச் சிகிச்சை, நடுவரோ மருத்துவரோ பதிவுசெய்யும் வாக்குமூலம். வீரம் ஐயமின்றி நிரூபணமாகும் வரை விருதோ விரைவுப் பதவி உயர்வோ கூடாது. மரணத்துக்கு மட்டுமல்ல, கொடுங்காயத்துக்கும் இயன்றவரை இவை பொருந்தும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே, காலில் சுட்ட ஒவ்வொரு சம்பவத்திலும் இந்த விசாரணை நடக்க வேண்டும். அறிக்கை பொதுவெளிக்கு வர வேண்டும். சிகிச்சையும் முழுமையாக இருக்க வேண்டும். சிதைந்த காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் முறைகளில் ஒன்றை வகுத்தது கோவையின் கங்கா மருத்துவமனை. அத்தகைய நிபுணத்துவம் உள்ள மாநிலத்தில், காவலில் இருப்பவர் என்பதற்காக எவருக்கும் அரைகுறைச் சிகிச்சை கூடாது. எலும்பு சிகிச்சை நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜனும் ஒருங்கே உள்ள மருத்துவமனைக்கு முதல் நாளே அனுப்ப வேண்டும். காயம்பட்டவர் நடக்கும் வரையிலான செலவு அரசின் பொறுப்பு.

குற்றவாளி யார், தண்டனை என்ன என்பதை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம். எந்த நீதிமன்றமும் ஒருவரின் காலை முடமாக்கும்படி தீர்ப்பளிக்க முடியாது. அந்த அதிகாரம் காவல் துறைக்கும் கிடையாது.